நடுவில் நடந்ததைக் கேட்காத கணக்கு

மாசிக் காற்று வறண்டு வீசத் தொடங்கிவிட்டால் அந்தக் கம்பெனியில் மெஹ்ஜபினை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் சுருக்கென்று கரண்ட் அடிக்கும். டீயைக்கூடக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். தப்பு அவள் மேல் இல்லை. அவிநாசிபாளையம் தாண்டி, தாராபுரம் ரோட்டோரம் இருக்கும் அந்தக் கம்பெனியில் விளையாட்டு பனியன் தைக்கிறார்கள். துணி முழுக்க பாலியஸ்டர். நாள் முழுக்க அதை இழுத்து, விரித்து, உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தால் மனுஷி மேல் சார்ஜ் ஏறாமல் வேறு என்ன ஏறும்?

மற்றவர்கள் அடி வாங்கியதும் ‘ஐயோ’ என்று கையை உதறுவார்கள். மெஹ்ஜபின் மட்டும் அடி வாங்கிய விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கும். அதில் ஒரு இழை அவள் கையை நோக்கி மெல்ல வரும். கிட்டே வரவர வேகம் குறையும். ஒரு விரற்கடை தூரத்தில் அப்படியே நின்றுவிடும். பிறகு என்ன நினைத்ததோ, வந்த வழியே திரும்பிப் போகும். அந்த நின்ற கணத்தில் அதன் வேகமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது, திரும்பும்போது எங்கேயிருந்து எடுத்துக்கொண்டது என்று இவள் யோசித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் துணி சுருண்டு கிடக்கும்.

“அம்மிணி! தூங்கறயா, முழிச்சிருக்கறயா?” என்று மேஜையின் மறு முனையிலிருந்து கருப்பாத்தாள் சத்தம் போடுவாள்.

கருப்பாத்தாள் குண்டடம் பக்கத்துக்காரி. நாற்பது வயது. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். இவர்கள் வேலை என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முழிக்கக் கூடாது. நாற்பதடி நீள மேஜை. ரோலிலிருந்து வரும் துணியை அதன் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக விரிக்க வேண்டும். ஒரு முனையை மெஹ்ஜபின் பிடிப்பாள், மறு முனையைக் கருப்பாத்தாள் பிடிப்பாள். ‘புடி’ என்றால் பிடிக்க வேண்டும், ‘உடு’ என்றால் விட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை புடி, உடு. அறுபது அடுக்கு சேர்ந்ததும் கட்டிங் மாஸ்டர் வந்து மெஷினால் வெட்டுவார்.

மெஹ்ஜபினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேஜைக்கு எத்தனை கிலோ துணி வந்தது, எத்தனை கிலோ வெட்டின பீஸாகப் போனது என்று நோட்டில் எழுதுவது. இடது பக்கம் ‘உள்ளே’, வலது பக்கம் ‘வெளியே’. நூறு கிலோ உள்ளே வந்தால் தொண்ணூறு வெளியே. கழுத்து வளைவிலும் கை வளைவிலும் விழும் துண்டெல்லாம் கட்டிங் லாஸ், பத்து பர்சென்ட். பதினான்கு வருடமாக எழுதி எழுதி, இடது பக்கம் ஒரு எண்ணைப் போட்டால் வலது பக்கம் பத்தில் ஒன்று குறைத்துக் கை தானாக எழுதிவிடும். தலையை ஒரு வார்த்தை கேட்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஹ்ஜபின் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். முடித்தவள் என்று சொல்லவில்லை, படித்தவள் என்றுதான் சொன்னேன். பொங்கலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மூன்று வருடம் படித்து எல்லாப் பேப்பரும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. மின்னியலும் காந்தவியலும். இரண்டாயிரத்து ஏழு, ஏப்ரல் மாதம். பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் நிக்காஹ். மருதாணிக் கையோடு போய் ஹாலில் உட்கார்ந்தாள். பத்து மார்க் கேள்வி ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

கேள்வி பெரிய சமாச்சாரம் இல்லை. இரண்டு சின்னக் குண்டுகள். இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம். ஒன்றுக்கொன்று ஆகாது, தள்ளும். பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். விட்டால் பாயும். வெகுதூரம் போன பிறகு அதன் வேகம் என்ன? அவ்வளவுதான். ஆனால் ஒரு வம்பு இருக்கிறது. குண்டு ஒரு அடி நகர்ந்தால் தள்ளும் விசை குறைந்துவிடும். இன்னொரு அடி நகர்ந்தால் இன்னும் குறையும். நின்ற இடத்துக்கு ஒரு விசை. இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அடிக்கு அடி விசையைக் கணக்குப் போட்டுக்கொண்டே குண்டின் பின்னால் நடந்தாள். முக்கால் மணி நேரம் நடந்தாள். குண்டு போய்க்கொண்டே இருந்தது. மற்ற கேள்விகளுக்கு நேரமில்லை. முப்பத்தொரு மார்க். தேற வேண்டியது நாற்பது.

ரிசல்ட் வருவதற்கு முன்பே அவளைப் பெற்ற அத்தா நிக்காஹ் பத்திரிகையில் ‘மெஹ்ஜபின், பி.எஸ்சி.’ என்று அச்சடித்துவிட்டார். பாவம், பெருமை அவருக்கு. அந்தப் பத்திரிகை ஒன்று பீரோவில் புடவைக்கு அடியில் இன்னும் இருக்கிறது. பெருநாளுக்குப் பட்டுப்புடவை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும், இவள் முகம் சுருங்கும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்ட பொய் அல்லவா? மாமியார் படுக்கையில் கிடந்த நாலு வருடம், மகள் சாயிமா பிறந்தது, கணவன் உமர் தொழில் ஆரம்பித்தது, இவள் கம்பெனிக்கு வந்தது என்று பதினேழு வருடம் போயிற்று. போனதே தெரியவில்லை என்று கதை விட மாட்டேன். ஒவ்வொரு வருடமும் தெரிந்துதான் போயிற்று.

அப்படியிருக்க, போன தையில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. பழைய பாக்கிப் பேப்பர்களை எழுத இதுவே கடைசி வாய்ப்பு, இனி கிடையாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. கம்பெனியில் துணி சுருங்குமா, சாயம் போகுமா என்று சோதிக்க ஒரு லேப் கட்டினார்கள். கண்ணாடி அறை, ஏசி, சுழல் நாற்காலி.

மெஹ்ஜபின் கம்பெனி முதலாளி மருதாசலத்திடம் போய், “சார், அந்த லேப் வேலைய நான் பார்க்கறனுங்க,” என்றாள். கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள்.

“நீ பார்ப்பம்மா, இல்லீங்கல. ஆனா நம்ம பனியன வாங்கற பையரு ஆடிட்டுக்கு வந்தா டிகிரி சர்டிபிகேட்டக் காட்டுன்னு நிப்பான். கொண்டா, சாவியக் கையில குடுக்கறேன்,” என்றார் மருதாசலம்.

ஆக, ஒரே ஒரு பேப்பர். தேறினால் அந்தக் கண்ணாடி அறை. அதைவிட முக்கியம், பீரோவில் இருக்கும் பத்திரிகை அன்றைக்கு உண்மையாகிவிடும். தேறாவிட்டால் சாகும் வரைக்கும் பொய்.

காலையில் தொழுகை முடிந்ததும் ஒரு மணி நேரம், மதியம் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம். பழுப்பு அட்டை போட்ட பழைய புத்தகத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு பாடமாக முடித்து, பங்குனிக் கடைசியில்தான் அந்தக் குண்டுகளிடம் வந்து சேர்ந்தாள். பதினேழு வருடம் முன்னால் தான் எங்கே வழி தவறினோம் என்று இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. குண்டின் பின்னால் நடக்கவே வேண்டாம்! தலையும் வாலும் தெரிந்தால் போதும். விடுவதற்கு முன் குண்டுகளுக்குள் அடங்கிக் கிடக்கும் நிலை ஆற்றல் எவ்வளவு என்று பார். அதுதான் கடைசியில் ஓட்டமாக மாறும். கூட்டிப் பார்த்தால் முதலில் இருந்ததும் முடிவில் இருப்பதும் ஒன்றே. நடுவில் விசை எப்படிக் குறைந்தது, எந்த வளைவில் போனது, எவ்வளவு நேரம் ஆனது, எதையும் இந்தக் கணக்கு கேட்காது.

நடுவில் நடந்ததைக் கேட்காத கணக்கு! மெஹ்ஜபினுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. துணி பிடித்துக்கொண்டே கண் திறந்தபடி கனவு கண்டாள். எல்லாரும் அப்படி இருந்தால் எப்படி இருக்கும்? ‘எங்கே ஆரம்பிச்சே, எங்கே வந்து சேர்ந்தே’ என்று மட்டும் கேட்டுவிட்டு, நடுவில் உள்ளதை மரியாதையாக விட்டுவிட்டால்?

கணக்குப் போட அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனி நோட்டு மாதிரி நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் முதலில் இருந்த ஆற்றல், வலது பக்கம் முடிவில் உள்ள ஆற்றல். அழகான வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடை வரவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நொடிக்கு மூன்று மீட்டர் என்று இருக்கும், இவளுக்கு 2.85 வரும். அடுத்த கணக்கில் ஆறு இருக்கும், இவளுக்கு 5.69. சில கணக்கில் பக்கத்தில்கூட வராது. ஒரு வாரம் இதே கூத்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவள் புத்தகம் தப்பு என்றாள். பிறகு அதையும் நம்ப முடியாமல் அழுதாள்.

ஒரு நாள் டீ நேரத்தில் அவள் கண்ணைத் துடைப்பதைக் கருப்பாத்தாள் பார்த்துவிட்டாள்.

“ஏ அம்மிணி, கண்ணு ஏன் செவந்திருக்குது? ஊட்டுல ஏதாச்சுமா?”

“ஊட்டுல ஒண்ணுமில்லீங்க்கா. கணக்கு வர மாட்டீங்குது.”

“கணக்குக்கா அழுவாங்க? அதென்ன கணக்கு, எனக்குச் சொல்லு, வருதான்னு பார்ப்போம்.”

மெஹ்ஜபின் சிரித்துவிட்டாள். கட்டிங்கில் விழுந்த பாலியஸ்டர் துண்டு இரண்டை எடுத்து, விரல்களுக்கு நடுவே வைத்துச் சர்ரென்று உருவித் தொங்கவிட்டாள். இரண்டும் சண்டைக்காரிகள் மாதிரி விலகி நின்றன.

“இது ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளுதுங்களா? இப்பப் புடிச்சிருக்கறன். உட்டா ஓடும். எவ்வளவு வேகமா ஓடும்னு கண்டுபுடிக்கோணும்.”

கருப்பாத்தாள் இரண்டு துண்டையும் உற்றுப் பார்த்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு கேட்டாள்: “ஒண்ணைப் புடிச்சு வெச்சுக்கிட்டு ஒண்ணை உடறயா, ரெண்டையுமே உடறயா?”

“ஏனுங்க்கா?”

“ஏனா? பதினாலு வருசமா எங்கூட துணி புடிக்கறே, இது தெரியாதா உனக்கு? லைக்ரா துணிய ரெண்டு பேரும் இழுத்துப் புடிச்சிருக்கறோம். நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நீ உட்டீன்னா உம்பக்கத்து முனை பிச்சுக்கிட்டு ஓடியாரும். ரெண்டு பேரும் உட்டா? ஆளுக்குப் பாதியா சுருங்கும், அவ்வளவுதான். இழுப்பு ஒண்ணுதானம்மிணி. அது ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கான்னு பார்க்க வேண்டாமா?”

அடி சக்கை! எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கருப்பாத்தாள். மெஹ்ஜபின் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள். சில கணக்கில் ‘ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளது’ என்று இருந்தது. அப்போது முழு ஆற்றலும் ஓடுகிற குண்டுக்கு. சில கணக்கில் ‘இரண்டும் விடுவிக்கப்படுகின்றன’ என்று இருந்தது. குண்டுகள் ஒரே எடை என்றால் அப்போது ஆளுக்குப் பாதி. அவள் இதுவரை அந்த வரியைக் கண்ணால் படித்தாளே தவிர மனசால் படிக்கவில்லை. பென்சில் எடுத்து அந்த இடங்களில் ‘புடி’, ‘உடு’ என்று எழுதி வைத்தாள்.

ஆனாலும் விடை வரவில்லை. மூன்றுக்குப் பதிலாக 2.85 வந்துகொண்டேதான் இருந்தது. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உமருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் குடோனுக்குப் போனாள். உமர் பனியன் வேஸ்ட் வியாபாரி. கம்பெனி கம்பெனியாகப் போய் கட்டிங் துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து, வெள்ளை தனி, கலர் தனி, பாலியஸ்டர் தனி என்று பிரித்து அனுப்புவான். மெஷின் துடைக்கக் கொஞ்சம் போகும், தலையணை அடைக்கக் கொஞ்சம் போகும், திரும்ப நூலாகவும் கொஞ்சம் போகும். குடோன் கூரையில் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதன் வழியே இறங்கும் வெயிலில் தூசி பொன்னாக மிதந்துகொண்டிருந்தது. மெஹ்ஜபின் வந்த காரியத்தை மறந்து அதையே பார்த்தபடி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி புள்ள, அது உங்க கம்பெனி மூட்டை. நேத்துத்தான் எடுத்தாந்தேன்,” என்றான் உமர்.

அவள் குனிந்து பார்த்தாள். மூட்டை வாயில் கிளிப்பச்சைத் துண்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. கழுத்து வளைவு. கை வளைவு. போன வாரம் முழுக்க அவளும் கருப்பாத்தாளும் விரித்த துணி.

“மொத்தம் எத்தனை கிலோங்க?”

“எரநூத்தி நாப்பது.”

போன வாரம் அவள் நோட்டில் உள்ளே இரண்டாயிரத்து நானூறு. வெளியே இரண்டாயிரத்து நூற்று அறுபது. லாஸ் இருநூற்று நாற்பது. ஒரு கிலோ கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

“நாங்க இதைய லாஸ்னு எழுதறோமுங்க,” என்றாள் மெதுவாக.

உமர் சிரித்தான். “நீங்க லாஸ்னு எழுதிட்டாக் காணாமப் போயிருமா? உங்க நோட்டுல இல்ல, எங்குடோன்ல இருக்குது. நம்ம ஊட்டுல அடுப்பு எரியறதே உங்க லாஸ்லதான புள்ள!”

மெஹ்ஜபின் அப்படியே நின்றாள். காணாமல் போவது என்று ஒன்று கிடையவே கிடையாது. இங்கே இல்லையென்றால் எங்கேயோ இருக்கிறது. புத்தகம் இதைத்தானே தலைகீழாக நின்று கத்திக்கொண்டிருக்கிறது! வெறும் வெளியில் இரண்டு குண்டுகள், உரசுவதற்குக் காற்றுகூட இல்லை. அங்கே வேஸ்ட் எடுக்க எந்த உமரும் மொபெட்டில் வரப் போவதில்லை. பிறகு ஏன் குறைகிறது? பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். இடது பக்கம் 0.09 ஜூல். வலது பக்கம் அவள் கையாலேயே அழகாக எழுதியிருந்தது: 0.081.

பத்து பர்சென்ட் கட்டிங் லாஸ்!

அல்லாவே, என்று தலையில் கை வைத்தாள். அடுத்த கணக்கிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஒரு வாரமாக மின்னூட்டத்துக்கெல்லாம் கழுத்து வெட்டிக் கை வெட்டிக் கணக்கெழுதியிருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருப்பீர்கள், இவள் வீட்டுக்காரனே வேஸ்ட் வியாபாரி! அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து உமருக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் தானே திறந்துகொண்டான்.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை. தாராபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் சென்டர் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. குண்டடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த நிலம். அதில் காற்றாலைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போயின. கடைசிக் காற்றாலை இருக்கிறதா, கண் கற்பனை பண்ணுகிறதா என்று தெரியவில்லை. புத்தகத்தில் ‘மிகத் தொலைவில்’ என்று வருமே, அது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு குண்டு, தள்ள யாரும் இல்லாமல், இழுக்க யாரும் இல்லாமல், தான் சேர்த்துக்கொண்ட வேகத்தோடு சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் யார் ஞாபகமும் இருக்காதா? கண்டக்டர் இறங்கச் சொல்லி இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

ஹாலில் இருந்த பாதிப் பேருக்கு நரை தட்டியிருந்தது. எல்லோருமே கடைசி வாய்ப்புக்காரர்கள். பிஸ்மில்லா சொல்லிக் கேள்வித்தாளைப் பிரித்தாள். ஆறாவது கேள்வியில் அது உட்கார்ந்திருந்தது. பத்து மார்க். பத்து பத்து கிராமில் இரண்டு குண்டுகள், பத்து சென்டிமீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ரோ கூலூம். இரண்டும் ஒரே நேரத்தில் விடுவிக்கப்படுகின்றன. மிகத் தொலைவில் ஒவ்வொன்றின் வேகம் என்ன?

‘உடு, உடு’ என்று மனசுக்குள் கருப்பாத்தாள் குரல் கேட்டது. ஆளுக்குப் பாதி. அதை முதலில் எழுதிவைத்தாள். மற்ற கேள்விகளை முடித்துவிட்டு வந்து கோடு கிழித்துக் கணக்கைப் போட்டாள். கடைசிப் பத்து நிமிட மணி அடித்தபோது விடை வந்தது.

2.85.

பத்து நாள் பார்த்துப் பார்த்துப் போட்டும், அவசரத்தில் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. இடது பக்கம் 0.09, வலது பக்கம் 0.081. பழக்க தோஷம் லேசில் விடுமா? மேற்பார்வையாளர் முன் வரிசையில் விடைத்தாள்களை எண்ணத் தொடங்கிவிட்டார். மெஹ்ஜபின் வலது பக்கத்தை அடித்தாள். 0.09 என்று அழுத்தி எழுதினாள். அதில் பாதி 0.045. வேகம் நொடிக்கு மூன்று மீட்டர். திரும்பவும் கை ஏமாற்றிவிடுமோ என்ற பயத்தில், கோட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதி அடிக்கோடும் போட்டாள். ‘லாஸ்: இல்லை.’ விடைத்தாளை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் என்ன எழுதினோம் என்று உறைத்தது.

திருத்தியவர் யாரோ, அந்த வரியைப் பார்த்துச் சிரித்தாரோ திட்டினாரோ, பத்துக்குப் பத்து போட்டுவிட்டார் போலிருக்கிறது. மொத்தம் நாற்பத்தாறு வந்தது. அந்தப் பத்து இல்லையென்றால் முப்பத்தாறு. சாயிமா போனில் பார்த்துச் சொன்னதும் மெஹ்ஜபின் நேரே உள்ளே போனாள். பீரோவைத் திறந்தாள். புடவைக்கு அடியிலிருந்த பத்திரிகையை எடுத்து, தன் பேருக்குப் பக்கத்தில் இருந்த பி.எஸ்சி.யை விரலால் ஒரு தரம் தடவினாள். பிறகு வாய்விட்டு அழுதாள். இதைப் பார்க்க அத்தா இல்லையே என்றுதான் அழுதாள்.

ஆடி மாதம் சர்டிபிகேட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனபோது மருதாசலம் கட்டிங் செக்‌ஷனிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏசி அறைக்கு வா என்று சொல்லாமல் அங்கேயே கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். சேர்ந்தது ஜூன் 2004. தேர்ச்சி பெற்றது ஏப்ரல் 2024. வேறு ஒன்றும் அதில் இல்லை. தலையும் வாலும் மட்டும்.

மருதாசலம் கெட்டவர் இல்லை. ஆனால் முதலாளி இல்லையா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டே விட்டார்: “ஏம்மா, ஒரு டிகிரிக்கு இருவது வருசமா? பையரு கேப்பானே. நடுவுல என்ன பண்ணிட்டிருந்தே?”

கேட்காத கணக்கு என்று நம்பி வந்தவளை இப்படிக் கேட்டால்? மாமியார், மகள், அடுப்பு, பஸ், நோட்டு, இதில் எதை முதலில் சொல்வது என்று மெஹ்ஜபின் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

மேஜையின் மறு முனையிலிருந்து கருப்பாத்தாள் சொன்னாள்: “நடுவுல உங்க துணியத்தானுங்க சாமி, இந்த அம்மிணி புடிச்சிட்டு நின்னுச்சு.”

மருதாசலம் கருப்பாத்தாளைப் பார்த்தார். மெஹ்ஜபினைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அப்புறம் பாக்கெட்டில் கையை விட்டு லேப் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். “திங்கக்கெழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும், இப்பவே போய் உக்காரும்மா,” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போய்விட்டார்.

மெஹ்ஜபின் சாவியோடு மேஜைக்குத் திரும்பினாள். விரித்துக்கொண்டிருந்த துணி பாதியில் கிடந்தது. தன் முனையை எடுத்துப் பிடித்தாள். இந்த அடுக்கையாவது முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். மறு முனையில் கருப்பாத்தாள் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல.

“உடு அம்மிணி.”

“நீங்களும் உடுங்க்கா. ரெண்டு பேரும் ஒண்ணா உடுவோம்.”

“வேண்டாம். ஆளுக்குப் பாதியாப் போயிரும். நான் புடிச்சுக்கறேன், நீ உடு.”

மெஹ்ஜபின் விட்டாள்.